கண்ணாடியில் தெரிந்த முள்

காரின் மூக்கை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, ரேடியேட்டர்காரர் எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சை நிறத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பணக்காரரின் ஆசைக்காக, பழைய பந்தயக் காரை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த நகல் கார் அது. உடம்பு பழைய அளவு. உள்ளே இருப்பதோ பெரிய புது எஞ்சின். முன்னால் காற்று நுழையும் வாய்க்குள் செம்பு ரேடியேட்டர் அடங்கவில்லை. மெல்லிய அலுமினிய ரேடியேட்டராகத் தேடிப் பிடித்து, எஞ்சினை விடத் தாழ்வாகச் சாய்த்துப் பொருத்தியிருந்தார். அப்படிப் பொருத்தினால் குழாய்களில் காற்று தங்கிவிடும். அதை வெளியேற்றாவிட்டால் எஞ்சின் கொதித்துக் கெட்டுப்போகும்.

அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தபடி சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர் முன்னால் நின்று குழாயை அமுக்கிக் காற்றை விட வேண்டும். இத்தனை வருஷமும் உள்ளே உட்கார்ந்தவன் பயில்வான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதற்காகவே வைத்த பெயர். வாய் மட்டும் ஓயாது. "அண்ணே, முள்ளு பாதி தாண்டிருச்சு. மூடிய தொடாதீங்க, இருக்கிற மூஞ்சியாவது மிஞ்சட்டும்" என்பான். வேலை குறைந்துவிட்டது என்று போன மாதம் அவனை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு பட்டறையில் ரேடியேட்டர்காரருக்குப் பேச ஆளில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். வீட்டிலும் அதே கதைதான். மனைவி வெளியூரில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள்.

"முதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வீட்ல சும்மா உக்கார முடியல" என்று பயில்வான் கேட்டிருந்தான். காலையில் அவரும் சொல்லிப் பார்த்தார்.

"இது ஒத்த ஆளு வேலை இல்ல சார். பயில்வானக் கூப்பிட்டுக்கலாம்."

"செஞ்சு பாக்காமலே சொன்னா எப்படி? சாயங்காலம் காருக்காரர் வர்றாரு. உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, முடியிற ஆளா பாத்துக்கறேன்" என்றார் முதலாளி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒற்றை ஆளாகச் செய்து முடித்தால் பயில்வானுக்கு வழி அடைபடும். முடிக்காவிட்டால் தன் பிழைப்பில் மண் விழும்.  வேறு வழியில்லாமல் ஆக்சிலேட்டருக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து பின்னால் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து ஓட்டுநர் இருக்கையில் சாய்த்துவைத்தார். முன்னால் நின்றபடியே பார்க்க அதில் முள் தெரிந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் யாருமில்லை.

எஞ்சின் உறுமியது. குழாயை அமுக்க அமுக்கக் காற்று குமிழ்விட்டு வெளியேறியது. ரேடியேட்டரை மூடிவிட்டுக் காத்திருந்தார். இன்னும் ஒருமுறை தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது. பயில்வானிடம் என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே கண்ணாடியைப் பார்த்தார். முள் இடது ஓரத்தில் நின்றது. இடது என்றால் குளிர்ச்சி. எத்தனையோ வருஷப் பழக்கம். கண்ணாடியில் இடம் வலமாகும் என்பது ரேடியேட்டர் மூடியைத் திருகிய பிறகுதான் உறைத்தது.

கொதிநீர் பீறிட்டு வலது கையை முழங்கை வரை வேகவைத்தது. மிச்சம் காரின் சிவப்புச் சாயத்தின் மேல் தெறித்தது.

அலறல் கேட்டு முதலாளி ஓடிவந்தார். எஞ்சினை அணைத்தார். தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து காரின் மேல் பீய்ச்சினார்.

"காயறதுக்குள்ள கழுவணும். பெயிண்ட் போயிடும்" என்றவர், பிறகுதான் கையைப் பார்த்தார். "இந்தக் கையோட இனி எங்க வேலை பாக்கப்போறீங்க? போய் மருந்து போட்டுக்கங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

ஒரு கையில் குழாயைப் பிடித்தபடியே மறுகையால் கைபேசியை எடுத்தார். "பயில்வானா? நாளையிலேருந்து வந்துடுப்பா. ஆமா, ரேடியேட்டர் வேலைதான். ஒத்த ஆளுதான், பாத்துக்க."

அந்தப் பக்கத்துக் குரல் சந்தோஷத்தில் வெளியே வரை கேட்டது. "சரிங்க சார். அண்ணன் சொன்னாரா சார்?"

"ம்" என்றார் முதலாளி, தண்ணீரை மட்கார்டின் பக்கம் திருப்பியபடி.

காரைக் கழுவி ஓரத்தில் வழிந்த தண்ணீருக்கு அடியில், ரேடியேட்டர்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.