பெரியாயியின் போஞ்சிப் பாத்தியில் சிவப்புத் துணி

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன மாதம், பதுளையில் என் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டுப் போனேன். என் குளியலறை அபிவிருத்தி வலயத்தில் இருக்கிறதாம், சமையலறை பாதுகாக்கப்பட்ட விவசாய நிலத்தில் இருக்கிறதாம்.

"அப்ப சமையலறையில நெல்லு வெதைக்கவா?" என்று கேட்டேன். அதிகாரி சிரிக்கவில்லை.

இந்தக் கூத்தை முதலில் தொடங்கியவன் எவன் என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை. அதனால் ஒருவனை உண்டாக்கிக்கொண்டேன்.

2.

"1922. பதுளை மலைகளைப் பனி போர்த்தியிருந்த ஒரு..."

வேண்டாம். மலைநாடு என்றாலே பனியில் தொடங்கி வாசகருக்குத் தடிமன் பிடிக்க வைக்கிறோம்.

இப்படித் தொடங்குகிறேன்: ரயில் வரப்போகிறது. தெமோதரை வரை வந்துவிட்டது, அடுத்தது பதுளைதான். ரயில் வந்தால் கடைகள் பெருகும், கடைகள் வயலைத் தின்றுவிடும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை பயந்தார். (நியாயமான பயம். இதில் எனக்குக் கேலி இல்லை.) ஊரைச் சுற்றிக் கம்பு நடச் சொன்னார். சிவப்புத் துணி கட்டிய இடத்தில் கடை கட்டலாம், வெள்ளைத் துணி கட்டிய இடத்தில் பயிர் மட்டும்தான். பிறகு அவரே வந்து, துணிகளைப் பார்த்து வரைபடம் போடுவார். கம்பு நட்டவர் கொழும்பிலிருந்து வந்த நில அளவையாளர் நிஸாம்.

3.

பெரியாயியை முதலில் விதவையாக எழுதினேன். பாவமாக இருந்ததால் புருஷனுக்கு உயிர் கொடுத்தேன். அவனுக்குக் கதையில் வேலையில்லை, தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கட்டும்.

அவள் ஆற்றோரத்துப் பாத்தியில் போஞ்சிக்கொடி போட்டு, காயைச் சந்தையில் விற்கிறாள். அந்தப் பாத்தி இருப்பதால்தான் விடியற்காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நின்று கங்காணியின் வசவைக் கேட்காமல் இருக்கிறாள். அது போனால் மறுபடியும் பெரட்டு, மறுபடியும் வசவு, மறுபடியும் முதுகில் கொழுந்துக்கூடை.

அந்தப் பாத்தியில் நிஸாம் வெள்ளைத் துணி கட்டினார். பெரியாயிக்கு உயிர் வந்தது, எனக்கும்தான்.

4.

ஆனால் நிஸாமுக்குத் தோட்டத்து வழக்கம் தெரியாது. ஓரிடத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் முனியாண்டி அங்கே இறங்கிவிட்டார் என்று அர்த்தம். அங்கே ஒருவரும் மண் வெட்டமாட்டார்கள், செருப்போடு நடக்கவும் மாட்டார்கள்.

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த செல்வநாயகம் முதலாளி, சிவப்புக் கம்புகளுக்கு நடுவே புதுக்கடை கட்ட ஆள் கூட்டி வந்தார். அதற்குள் கம்புகளுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழமெல்லாம் வந்து சேர்ந்திருந்தன. ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

"மொதலாளி, சாமி எடத்துல அஸ்திவாரம் தோண்டச் சொல்றீங்களே?" என்றார் ஆட்களில் மூத்தவரான பொன்னையா.

"சாமி இல்லய்யா, சர்க்கார் கட்டின துணி!"

"சர்க்காருக்கே பயம் வந்துதானே கட்டியிருக்கு?"

எதற்கும் இருக்கட்டும் என்று முதலாளியும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, சாமி இல்லாத இடம் தேடிப் போனார். போய் நின்றது பெரியாயியின் பாத்தியில்.

"இங்க கடை கட்டப்போறேன். நீ வேற எடம் பாத்துக்க."

"இது பயிரு நெலமுன்னு வெள்ளத் துணி கட்டுனாங்களே மொதலாளி!"

"எங்க துணி?"

கம்பு நின்றது, துணி இல்லை.*

பெரியாயி பாத்தியைப் பார்த்தாள். போஞ்சி அப்போதுதான் பூத்திருந்தது. இந்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

(* நல்ல புதுத் துணி. யாரோ பிள்ளைக்குக் கோமணமாக்கிவிட்டார்கள். ஊர் முழுக்க இதே கதைதான்.)

5.

மறுநாள் அந்தக் கம்பில் சிவப்புத் துணி ஆடியது. அது பெரியாயி தன் சேலையிலிருந்து கிழித்த முந்தானை. முதலாளி பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய்விட்டார்.

எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி என்று எழுதி, எனக்கு நானே கை தட்டினேன். ஆனால் யாரும் இல்லாத நேரத்திலும் அவள் அந்தக் கம்புக்குச் சூடம் கொளுத்தி, கண்ணீர்விட்டுக் கும்பிடுவதைப் பார்த்தபோது அவளுடைய உண்மையான...

இந்த வாக்கியம் என்னால் முடியவில்லை. அவளிடமே கேட்டேன். உண்டாக்கியவன் கேட்கலாம். "நடிப்பா, பக்தியா?"

"போஞ்சி காய்க்கிற வரைக்கும் ரெண்டுந்தானுங்க."

6.

இங்கே முடித்திருக்க வேண்டும். துரையை மறந்துபோனேன்.

அவர் வரைபடம் போடக் குதிரையில் வருகிறார். அவருக்கு முன்னால் நிஸாம் மூச்சிரைக்க ஓடி வருகிறார். "அம்மா, அத அவுத்திருங்க! தொர செவப்பக் கண்டா இந்த எடத்தக் கடைக்கு எழுதிருவாரு!"

பெரியாயி முடிச்சில் கை வைத்தாள். வேலிக்கு வெளியே முதலாளி இன்றும் வெறுங்காலோடு வந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் அவிழ்த்தால் அது சாமி இல்லை என்று தெரிந்துவிடும், நாளைக்கே ஆள் இறக்கிவிடுவார். அவிழ்க்காவிட்டால் துரை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானே எழுதுறீங்க. சொல்லுங்க, அவுக்கவா வேணாமா?"

என் சமையலறைச் சிக்கலுக்கே வழி தெரியாதவன் நான். உங்களைக் கை காட்டிவிட்டேன்.

இப்போது அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். விரல்கள் முடிச்சில்தான் இருக்கின்றன. குளம்புச் சத்தம் பாலத்துக்கு வந்துவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள். போஞ்சி இன்னும் பூவாகத்தான் இருக்கிறது.