குமுளிக்குப் போன உபதேசியார்

காணாமல் போன ஆட்டின் கதையை வாசித்துவிட்டு விளக்கம் சொல்ல வாய் திறந்த உபதேசியார் ரத்தினசாமிக்கு அன்று பேச்சு வரவில்லை. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துத் தகரக்கூரைக் கோயிலுக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வேதம் வாசிப்பதும் விளக்கம் சொல்வதும் பத்து வருடமாக ரத்தினசாமிதான். மேய்ப்பன், காசுக்காக வீட்டையே பெருக்கிய பெண், ஊதாரி மகனை வழி பார்த்து நின்று, அவன் வந்த விருந்துக்குள் நுழையாமல் கோபித்து வெளியே நின்ற மூத்த மகனிடமும் தானே எழுந்துபோன தகப்பன் என்று மூன்று கதைகளையும் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவர்.

அவருடைய ஒரே மகள் கத்தரீனாள், எழுபத்தொன்றில் ஜீப் டிரைவர் காளிச்சாமியைக் கட்டிக்கொண்டு குமுளிக்குப் போனவள், மூன்று வருடமாக அவர் கண்ணில் படவில்லை. அவள் எழுதிய கடிதங்களை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். திருந்தி வரட்டும், வந்தால் மன்னிப்போம் என்றிருந்தார். கதையில் வரும் தகப்பனும் காத்துக்கொண்டுதானே இருந்தார் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து அவர் மனைவி மதலேனம்மாளின் குரல் வந்தது. கோயிலுக்குள் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை.

"அந்த ஆடு தானா வரலையேங்க. மேய்ப்பருல்ல தேடிப் போனாரு."

ரத்தினசாமி வேதத்தை மூடி முத்தமிட்டுப் பீடத்தில் வைத்தார்.

"நீங்க செபம் சொல்லி முடிச்சுக்கோங்க. நா குமுளி வரைக்கும் போயிட்டு வாரேன்."

குறுக்குவழியில் ஏலச்செடிகளுக்குள் இறங்கி ஓடி, ரோட்டில் ஜீப் பிடித்து, நெடுங்கண்டத்தில் பஸ் மாறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். 'செஞ்சது தப்புன்னாலும் ஒன்ன மன்னிச்சிட்டேன்.' நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்தக் கதையில் வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் மகன்தான். தூரத்திலேயே அவனைக் கண்டு ஓடிவந்த தகப்பனுக்கு அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை.

குமுளி வந்து சேர்வதற்குள் சொல்ல வேண்டியது வேறாகியிருந்தது. 'தப்பு எம்மேலதான் தாயி. ஒன் தகப்பன்னு சொல்லிக்கிற தகுதி எனக்கு இல்ல.'

கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு போனார். ஏலமும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு மலஞ்சரக்குக் கடையின் முன்னால் நாலைந்து பெண்கள் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஐம்பது அடி இருக்கும்போதே அவர்களில் ஒருத்தி எழுந்தாள். மடியிலிருந்த முறம் கவிழ்ந்து பச்சைக் காய்கள் ரோடெல்லாம் சிதற, "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"கத்தரீனா, தப்பு எம்மேல..."

"காலெல்லாம் ரத்தமா இருக்கேப்பா! அட்ட கடிச்சது தெரியாமயா வந்தீங்க?" ரோட்டிலேயே குத்துக்காலிட்டு, முந்தானையால் அவர் காலைத் துடைத்தாள்.

"தகப்பன்னு சொல்லிக்கிற..."

"சாப்டீங்களா? அம்மா நல்லாருக்கா? வாங்க ஊட்டுக்கு." சொல்லவே விடவில்லை. தெருவில் நின்று ரத்தினசாமி வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். பத்து வருடமாக விளக்கம் சொன்ன தகப்பனை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பழனி முருகனும் மாதா சுரூபமும் ஒரே பலகையில் இருந்தார்கள். கத்தரீனாள் சொல்லியனுப்பியபடி காளிச்சாமி கறி வாங்கி வந்தான். வாசலில் கிடந்த மாமனாரின் செருப்பைப் பார்த்ததும் உள்ளே வராமல் நின்றுவிட்டான்.

"லெட்டரு போடுவா. திரும்பி வந்ததக் கையில வச்சிக்கிட்டு ராப்பூரா அழுவா. பாத்துக்கிட்டு இருந்தவன் நானு. இப்ப என்னத்துக்கு வந்திருக்காரு?"

"மெதுவா பேசுங்க, அப்பா காதுல விழும்."

"விழட்டும்."

கத்தரீனாள் கெஞ்சினாள். அவன் அசையவில்லை. கறி வேகும் முன்னே பசியாறட்டும் என்று உள்ளே இலை போட்டாகிவிட்டது. ரத்தினசாமி இலை முன்னாலிருந்து எழுந்தார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார், மகளைத் தாண்டி வெளியே போனார். சாரல் பிடித்திருந்தது. மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவன் கையிலிருந்த தேக்கிலைப் பொட்டலத்தின் நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ரத்தினசாமி அவன் பக்கத்தில் போய், அவனோடு நனைந்துகொண்டு நின்றார்.