பத்தியம் தவறாதவள்

அனுசுயாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. காமயகவுண்டன்பட்டியில் பிறந்து, அவ்வூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். பிறர் பேசும்போது குறுக்கே பேசமாட்டாள். எதையும் வாய்விட்டுச் சொல்லுமுன் மனத்துக்குள் இருமுறை சொல்லிப் பார்ப்பாள். இப்பழக்கங்களைக் கண்டே, புற்றுநோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று அவர்களுக்கும் குடும்பத்தார்க்கும் துணையாய் இருக்கும் தேனிக் குழுவினர் அவளைத் தொண்டராகச் சேர்த்துக்கொண்டனர். அவ்வமைதிக்கு அடியில் கிடந்த சினத்தை அவர்கள் அறிந்திலர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவள் கணவன் பால்பாண்டிக்கு நாக்கில் கட்டி வந்தது. குணப்படுத்திவிடலாம் என்று மதுரை மருத்துவர்கள் கூறினர். கத்திக்கு அஞ்சிய பால்பாண்டி, சுருளிப்பட்டிச் சாலையில் பச்சிலைப் பொடி கொடுக்கும் ஈஸ்வரபாண்டியிடம் சென்றான். உப்பு, புளி, மீன் ஆகாது. ஆங்கில மருந்து அறவே ஆகாது என்பது பத்தியம். புளியின் வாசனைகூட வீட்டுக்குள் எழக்கூடாதென்று அனுசுயாவும் உப்பற்ற கஞ்சியையே குடித்தாள். நூறு நாள்களுக்குப் பின் கட்டி கழுத்தில் இறங்கிற்று. அதன்பின் எந்த மருத்துவமும் பயன்படவில்லை.

இழவு வீட்டுக்கு மாலையோடு வந்த ஈஸ்வரபாண்டி, கூடியிருந்த இருநூறு பேர் முன்னிலையில், “எம்மருந்து பொய்க்காது. வீட்டுப் பொம்பள பத்தியத்தக் காக்கல” என்றான். அன்றுமுதல் கணவனைக் கொன்றவள் என்பதே அவளுக்குப் பெயராயிற்று. கணவனின் உடன்பிறந்தார் எவரும் அவள் வாசலை மிதித்ததில்லை.

சென்ற மாதம் குழுவின் பொறுப்பாளர் இவாஞ்சலின் ஒரு சீட்டைக் கொடுத்தாள். நோயாளி ஜக்கம்மா, மார்பகப் புற்று, மதுரையில் மூன்று கீமோ ஊசிகள் முடிந்தன, கணவர் பெயர் ஈஸ்வரபாண்டி.

“தெரிஞ்ச வீடாக்கா?”

“தெரிஞ்ச வீடுதான்” என்றாள் அனுசுயா. பகையுள்ள வீட்டுக்குத் தொண்டர் செல்லலாகாது என்பது குழுவின் விதி. அதை அறிந்தே அவள் மேலும் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளை வாசலில் கண்ட ஈஸ்வரபாண்டியின் முகம் வெளிறியது. அவள் அவனைக் கடந்து, திரைச்சீலைக்கு அப்பாலிருந்த அறைக்குள் சென்றாள். முடியெல்லாம் உதிர்ந்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜக்கம்மா கட்டிலில் அமர்ந்திருந்தாள். அவளுக்கு அனுசுயாவைத் தெரியாது. கையைப் பற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசலானாள்.

“ஊருக்கெல்லாம் பொடி குடுக்குற மனுசன், எனக்குன்னதும் விடியுமுன்ன மதுரைக்குக் காரு புடிச்சாக. அந்தப் பொடிய ஒரு நாளு தொட விடலத்தா. கேட்டா, ‘நீ சும்மா கெட’ன்னாக. நானும் சும்மாத்தான் கெடக்கேன். வெளிய சொல்லீராதீக. மகளுக்குத் தையில கல்யாணம். தாய்க்கு இந்த நோவுன்னா மாப்ள வீட்டுல பின்வாங்கீருவாக.”

“இங்கன கேட்டது இங்கனயே கெடக்கும்கா.”

அது குழுவுக்கு அவள் அளித்திருந்த வாக்கு. ஆயினும், கம்பம் பேருந்தில் எவர் காதிலேனும் ஒரு சொல் போட்டால், பொழுது சாயுமுன் பள்ளத்தாக்கு முழுதும் பரவிவிடும் என்று அவள் கணக்கிட்டாள். அந்தச் சொல்லை மனத்துக்குள் இருமுறை சொல்லிப் பார்த்தாள். அது இனித்தது. அவன் தொழில் அழியும். ஆனால் அவன் மகளின் கல்யாணமும் அதனோடு அழியும். பற்றியிருந்த கை காய்ச்சலில் சுட்டது.

அப்போது முன்கூடத்தில் குரல்கள் கேட்டன. மயிலாடும்பாறையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தனர். அவனுடைய கழுத்து வீங்கியிருந்தது.

“மதுரையில கரண்டு வைக்கணும்கிறாகய்யா. இவுக பயப்படுறாக. ஒங்க பொடியே போதும்னு ஊர்ல சொன்னாக” என்றாள் அந்த மனைவி. கதிர்வீச்சு மருத்துவத்தைத்தான் அப்பக்கத்தார் கரண்டு என்பர்.

டப்பா திறக்கும் ஓசை எழுந்தது. அனுசுயா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அண்ணே, பத்தியத்தையும் சொல்லிக் குடுங்க. எம்புருசன் பால்பாண்டிக்கும் நீங்கதான் பொடி குடுத்தீக. செத்தப்புறம் நாந்தான் பத்தியத்தக் கெடுத்தேன்னு எழவு வீட்டுல சொன்னீக. நாளைக்கு இந்தப் பிள்ளையவும் அப்பிடிச் சொல்லணும்ல? இப்பவே கேட்டு வச்சுக்கிரட்டும்.”

ஈஸ்வரபாண்டி திரையை நோக்கினான்; பிறகு அவளை நோக்கினான். “தாயி, உள்ள கேட்டத...”

“உள்ள கேட்டத நான் சொல்லலண்ணே. இது எங்கதை. இத எங்கன வேணும்னாலும் சொல்லுவேன்.”

அவன் டப்பாவை மூடினான். “அந்தம்மா பத்தியம் தவறல. ஒழுங்காத்தேன் காத்தாக. இந்த நோவு பொடிக்குக் கேக்காது. மதுரைக்கே போங்க. கரண்டு வச்சுக்கங்க.”

“அப்ப இம்புட்டு நாளும் எதுக்குய்யா ஊருக்குக் குடுத்தீக?” என்றாள் வந்தவள். அவள் கணவனைக் கைப்பிடித்து எழுப்பி அழைத்துச் சென்றாள்.

“போதுமா தாயி?” என்றான் ஈஸ்வரபாண்டி.

“அன்னைக்கு எரநூறு பேரு கேட்டாக. இன்னைக்கு ரெண்டு பேருதான் கேட்டுருக்காக. எப்பிடிண்ணே போதும்?”

மறுநாள் இவாஞ்சலின் தொலைபேசியில் அழைத்தாள். “அக்கா, அந்த வீட்டு அண்ணாச்சி வேற ஆள அனுப்பச் சொல்றாக. பழைய பகை இருக்காமே? எங்கிட்ட மறச்சுட்டீகளே.”

“மறச்சது தப்புதான். பகை இருக்கு. இன்னும் தீரல. அந்த அக்கா என்ன சொல்றாக?”

“அவுக நீங்கதான் வரணும்கிறாக. எனக்குத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல.”

அனுசுயா தான் சொல்லவேண்டியதை வழக்கம்போல் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

“செவ்வாயும் வெள்ளியும் அவரு பொடி குடுக்குற நாளு. ரெண்டு நாளும் நானே போறேன்.”