தூங்குமூஞ்சியின் கால்கள்

நிற்பதும் பயிற்சிதான் என்று கோச்சுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. எங்கள் கால்பந்து அணிக்கு உடற்பயிற்சி கொடுப்பவள் நான். அணி கடைசி இடத்தில் கிடந்தது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த ஆட்டத்தின் முதல் பதினொரு பேரில் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது என்று செக்ரட்டரி வேறு சொல்லிவிட்டார். இடது ஓரத்தில் ஆடுகிற என் தம்பிக்கு இதைவிட்டால் வேறு பிழைப்பு தெரியாது.

கோச் நீண்ட ஓட்டம் கேட்டார். நாலு நிமிடம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு. மூச்சுக்கு அது நல்லதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் மூச்சு வாங்கித் தோற்கவில்லை. பந்து விழுகிற இடத்துக்கு எதிரணிக்காரன் ஓரடி முன்னால் போய்விடுகிறான், அவ்வளவுதான். அதனால் நான் குட்டை ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். உயிரைக் கொடுத்து ஒரு பாய்ச்சல். பிறகு கால் தேறும்வரை நிற்க வேண்டும்.

"இதென்ன பஸ் ஸ்டாப்பா? எல்லாரும் வெட்டியா நிக்கிறாங்க," என்றார் கோச். ஆனாலும் தலையாட்டினார்.

முதலில் வேகம் ஏறியது. பிறகு நாளுக்கு நாள் விழுந்தது. கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். தூங்குமூஞ்சி என்று நாங்கள் கூப்பிடுகிற மாற்று ஆட்டக்காரன் மட்டும் வேகமாகிக்கொண்டே போனான். பந்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறவன் அவன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை, தம்பி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கி வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"படி இறங்க முடியல, ஒண்ணுமில்லையா?"

"சாயங்காலம் கோச் தனியா ஓட வைக்கிறாரு. அந்த நீள ஓட்டம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

"காலையில என்னோடது, சாயங்காலம் அவரோடதா? கால் என்னடா ஆகும்?"

"ரெண்டு பேரையும் பகைச்சுக்க முடியுமா? இடம் போயிடும்னு எல்லாரும் ஓடினோம். தூங்குமூஞ்சி மட்டும் பல்வலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவான்."

கோச்சின் அறைக்குப் போய்க் கத்தித் தீர்த்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"மூச்சும் வேணும், வேகமும் வேணும்னு பேராசைப்பட்டுட்டேன்மா. எல்லார் காலும் போச்சா?"

"ஒருத்தனைத் தவிர."

அந்த ஒருத்தனுக்கு ஆடத் தெரிந்தது இடது ஓரம் மட்டும்தான். கோச்சுக்கும் எனக்கும் அது தெரியும்.

"இடது ஓரத்துல யாரும்மா? நீ சொல்றதுதான்."

தம்பியின் கால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. அந்த அறையில் ஒரு நிமிடம் நான் அக்காவாக மட்டும்தான் நின்றேன்.

"தூங்குமூஞ்சியை இறக்குங்க," என்றேன்.

மறுநாள், ஆட்டம் கோலே இல்லாமல் முடியப்போகிற நேரத்தில், பந்து விழுந்த இடத்துக்கு அவன் ஓரடி முன்னால் போய்விட்டான். கோல். மைதானமே எழுந்து நின்றது. கோச் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தம்பி பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அவனும் எழுந்து கைதட்டத்தான் பார்த்தான். தொடை அவனைத் தூக்கவில்லை. திரும்பவும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்தில் போனேன்.

"எனக்கும் பல்வலி வந்திருக்கலாம்லக்கா," என்றான்.

அவன் அக்குளில் கைகொடுத்து, தூக்கி நிறுத்தினேன்.