வல்லைவெளியில் ஒரு கை

கோப்பாய் ஏரம்புவுக்கு அறுபத்துமூன்று வயது. வருசா வருசம் பொங்கலுக்கு மறுநாள் மனைவி கனகாம்பிகையைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போவார். அங்கே அவளுடைய தமையன் தம்பிஐயா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. திரும்பும்போது நன்றாக இருட்டிவிடும். வழியில் வல்லைவெளி கிடக்கிறது. மரம் மட்டை இல்லாத வெட்டவெளி. போகும்போது தை மாதத்து வாடைக்காற்று அங்கே எதிரே அடித்து ஆளை நிற்பாட்டிவிடும். இளந்தாரிகளே இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். ஏரம்பு மட்டும் முப்பத்தெட்டு வருசத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை. இதை அவர் சொல்லாத ஆள் கோப்பாயில் இல்லை. கேட்டுச் சலிக்காத ஆளும் இல்லை.

சொல்லாமல் வைத்திருந்த விசயம் ஒன்று உண்டு. வெளியின் நடுவில், மூச்சு முட்டி, இனி ஏலாது என்று கால் சோரும் நேரத்தில், பின்னாலிருந்து ஒரு கை தள்ளும். சைக்கிள் பாரமே இல்லாமல் மிதக்கத் தொடங்கும். காதில் காற்றின் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார். கீழே தார் ரோட்டு இருக்கிறதா, மேகம் இருக்கிறதா என்று தெரியாது. அது வெளியோரத்தில் கோயில் கொண்டிருக்கும் வல்லை முனியப்பருடைய கைதான் என்று அவர் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார். சாமி காரியத்தை வெளியே சொன்னால் கைவிட்டுவிடும் என்று பயந்து மனைவிக்கும் மூச்சு விடவில்லை.

போன ஆவணியில் வெங்காயத் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். பரியாரியார் வந்து பார்த்து, சலரோகம் என்றார். "சோத்தைக் குறை, சீனியை மற. காலைச் சும்மா வைச்சிராதை," என்று சொல்லிவிட்டுப் போனார். செய்தி கேட்டு வந்த தம்பிஐயா, "இந்தப் பொங்கலுக்கு நான் கார் அனுப்புறன் மச்சான். இனி உந்தச் சைக்கிள் வேண்டாம்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஏரம்புவின் கணக்கு வேறு. ஒருதரம் அந்தக் காரில் ஏறினால் கிழவன் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். பிறகு மூலையில் பாயை விரிக்க வேண்டியதுதான்.

மறுநாளே தொடங்கினார். விடியமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்ட வெளிகளைச் சுற்றுவார். பனி படர்ந்த புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே நித்திரையில் போகிறவரைப் போலப் போய்வருவார். பிறகு பிள்ளையார் கோயிலில் ஐம்பது தோப்புக்கரணம். மூன்று போட்டுவிட்டுப் போகிற சனம், இந்த மனிசன் என்ன பாவம் செய்தாரோ என்று விலகி நின்று பார்த்தது. காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் சாமைச்சோறும் முருங்கையிலை வறையும், தேத்தண்ணீருக்குச் சீனியே இல்லை. அந்த வருசம் தட்டுப்பாட்டால் கடையிலும் சீனி இல்லாதது அவருக்குத் தோதாய்ப் போய்விட்டது. மார்கழி பிறக்கும்போது வயிறு வற்றிக் கால்கள் வைரமாகியிருந்தன. கனவில் அடிக்கடி வல்லைவெளி வந்தது. அந்தக் கையும் வந்தது.

பொங்கலுக்கு மறுநாள் காலை, கார் வேண்டாமென்று தம்பிஐயாவுக்கு முன்னமே சொல்லியனுப்பியிருந்தவர், கரியரில் சாக்கை மடித்துப் போட்டு, "ஏறும்," என்றார். கனகாம்பிகை ஒருதரம் தவறி, இரண்டாம்தரம் ஏறினாள். அவர் முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்லைவெளிக்குள் நுழைந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. ஏரம்பு பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். உடம்பு சொன்னதைக் கேட்டது. போன வருசத்தைவிட நல்லாய்த்தான் கேட்டது. பாதி வெளி தாண்டியாயிற்று. வழக்கமான இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் நாலு மிதி. இன்னும் இரண்டு. சைக்கிள் ஆடி, நின்று, அவருடைய கால் நிலத்தில் பட்டது.

"இஞ்சருங்கோ, குறை நினையாதையுங்கோ," என்றாள் கனகாம்பிகை பின்னாலிருந்து. "இந்தமுறை என்னாலை ஏலாமல் போச்சு."

"உமக்கென்ன ஏலாமல்? மிதிச்சது நானெல்லே."

"முழங்கால் வீங்கிக் கிடக்கு. மூண்டு மாசமாச்சு. இறங்கி ஓடேலாது."

"எங்கை ஓட?"

"பின்னாலைதான். நெடுகத் தள்ளிக்கொண்டு ஓடி வாறனான்தானே. உங்களுக்குத் தெரியுமெண்டெல்லே நினைச்சன்!"

ஒரு ஆள் இறங்கினால் பாரம் குறைவது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்தது. முனியப்பர் பாரத்தையும் தாங்குகிறார் என்று எடுத்துக்கொண்டார். தன் கெட்டித்தனத்தில் மயங்கிய மனிசனுக்கு எதைக் காட்டி எதை விளங்கவைப்பது?

சீலையைச் சற்று விலக்கி அவள் காட்டிய முழங்காலை ஏரம்பு பார்த்தார். தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஐந்து மாதமாக நாள்தோறும் திரிகையடியில் குந்தியிருந்து அவருக்குக் குரக்கன் அரைத்த கால்.

"இவ்வளவு நாளும் நீர் என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டார்.

"என்ன, கிடந்ததைத்தான்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் வயிற்றையும் தன் காலையும் நாள்தோறும் தடவிப் பார்த்த மனிசன், பக்கத்தில் நொண்டி நொண்டி நடந்த காலைக் காணவில்லை. தன்மேல் கோபம் கோபமாக வந்தது.

"இறங்காதையும். அப்பிடியே இரும்," என்றார். ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, அவளை வைத்தபடி உருட்டத் தொடங்கினார். காற்று மார்பில் மோதியது. கால் சோரவில்லை.

எதிரே, காற்றோடு சைக்கிளில் பறந்து வந்த இரண்டு பேர், "என்ன ஏரம்பண்ணை, இறங்கிட்டியள்!" என்று கத்தினார்கள்.

"ஓம், இறங்கிட்டன்," என்றார் ஏரம்பு. சொல்லிவிட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய காரியமாகத் தெரியவில்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் வானத்தோடு ஒட்டிக் கிடந்தது. எங்கே வெளி முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

"இஞ்சருங்கோ, உங்கை தண்ணிக்குள்ளை வெள்ளையும் சிவப்புமாய் நிக்கிறது என்ன?"

"பூநாரை. ஒவ்வொரு தையிலும் வாறதுதான்."

"இவ்வளவு வடிவான இடமோ இது?"

"நெடுக வாற இடமெல்லே?"

"திரும்பி வரேக்கை இருட்டு. போகேக்கை உங்கடை முதுகைப் பாத்துக்கொண்டெல்லே ஓடினனான்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

ஏரம்பு சைக்கிளை நிறுத்தி, அது அசையாதபடி இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை பாத்துக்கொண்டிருப்பார், போவமே," என்றாள் கனகாம்பிகை.

"அவர் பாக்கட்டும். நீர் ஆறுதலாய்ப் பாரும்," என்றார் அவர்.