மேற்குப் பிரிவின் ஒன்பதுகள்

எண்களை வைத்துச் செய்யும் ஆய்வேட்டில் ‘நான்’ என்று எழுதக்கூடாது. ‘ஆய்வாளர்’ என்றுதான் எழுத வேண்டும். ஆய்வாளர் நாணயத்தைச் சுண்டினார், ஆய்வாளர் கணக்கிட்டார், ஆய்வாளர் முடிவுக்கு வந்தார். ஐம்பத்து மூன்று வயதில் முனைவர் பட்டத்துக்குப் புறப்பட்ட நான், யாரோ ஒரு பொம்பளையைப் பற்றி எழுதுவது போல என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பொம்பளையை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் தலைமைச் செவிலி. கிழக்குப் பிரிவில் முப்பது பேர், மேற்கில் முப்பது பேர். நாய் வந்து போனால் வயதானவர்களின் தனிமை குறைகிறதா என்பதுதான் என் ஆய்வு. பூவா தலையா போட்டதில் நாய் கிழக்குக்கு விழுந்தது. எட்டு வாரம் அது கிழக்குக்கு மட்டும்தான் போகும், மேற்கு சும்மா இருக்கும், பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். “எட்டு வாரம் பொறுத்துக்கோங்க, அப்புறம் உங்களுக்கும் வரும்” என்று மேற்கில் அறை அறையாகப் போய் வாக்குக் கொடுத்தேன். அதைக் கொடுத்தது ஆய்வாளர் அல்ல, நான்தான்.

வாக்குக் கொடுத்தபோது ஒன்றை நான் லேசாக எடுத்துக்கொண்டிருந்தேன். நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது எட்டு வாரத்துக்கு மட்டும். பலன் இருக்கிறதென்று என் அறிக்கை சொன்னால்தான் மேற்கொண்டு நாய் வரும். பலன் இல்லாமல் எங்கே போகும் என்பது என் நினைப்பு. ஓலே என்ற அந்த நாயைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கொழுத்த மஞ்சள் லாப்ரடார். வாலை ஆட்டினால் பாதி உடம்பும் சேர்ந்து ஆடும். அதைக் கூட்டிவருபவர் ஆர்லன் டொக்கன், பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாயைவிட அவர் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி வாரத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்வி: இப்போது எவ்வளவு தனிமையாக உணர்கிறீர்கள்? தனிமையே இல்லை என்றால் ஒன்று, எந்நேரமும் தனிமை என்றால் ஏழு. நான் கேட்டால் முகதாட்சண்யத்துக்குப் பதில் சொல்வார்கள் என்று, கல்லூரியிலிருந்து இரண்டு மாணவிகள் வந்து கேட்டுக் கணினியில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

கணக்கைப் போட்டேன். கிழக்கின் சராசரி நாலேகால் சொச்சம். மேற்கு ஆறைத் தாண்டியது. இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர வழியே இல்லை என்றது கணினி. என் பேராசிரியர் வான் ஹோர்னுக்கு அனுப்பினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், பாராட்டுவதில் கஞ்சம். அவரே போன் செய்தார்.

“லவான், இது ரொம்ப நல்லா வந்திருக்கே!”

“நாய் நல்ல நாய்ங்க.”

“சரி, இனி எழுத வேண்டியதுதான். எழுதித் தள்ளுங்க.”

எழுதினேன். ‘அளிக்கப்படும்’ என்று முன்பு திட்டத்தில் எழுதியதையெல்லாம் ‘அளிக்கப்பட்டது’ என்று மாற்றிக்கொண்டே போனேன். மேற்குக்கு எட்டு வாரத்துக்குப் பின் நாய் ‘அனுப்பப்படும்’ என்ற வரியை மட்டும் தொடாமல் விட்டேன். நிர்வாகக் குழு கூடட்டும், பிறகு மாற்றலாம் என்று இருந்தேன். ஆர்லனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், மேற்குக்குத் தயாராக இருங்கள் என்று. அவர் ஓலேக்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கிவிட்டார்.

முடிவுகள் அத்தியாயத்தில் முதல் அட்டவணைக்கு ஒரு விதி உண்டு. சராசரியோடு, வந்த எண்களில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் போட வேண்டும். வெறும் சம்பிரதாயம். மிகச் சிறியது ஒன்று என்று போட்டேன். மிகப் பெரியது ஒன்பது என்று போட்டேன். போட்டுவிட்டுக் காப்பியை எடுத்தவள் அப்படியே கீழே வைத்தேன்.

ஏழுக்கு மேல் எண்ணே கிடையாது. ஒன்பது எங்கிருந்து வந்தது?

ஒன்பது நான் வைத்ததுதான். பதில் சொல்ல மறுத்தால் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று ஒன்பது போடச் சொல்லியிருந்தேன். அது பதில் அல்ல, சேர்க்காதே என்று கணினியிடம் சொல்ல மறந்துவிட்டேன். வாயைத் திறக்காதவர்களையெல்லாம் அது ஊரிலேயே பெரிய தனிமைக்காரர்களாகக் கூட்டியிருந்தது. ஏழுக்குள் நிற்க வேண்டிய சராசரி ஆறைத் தாண்டியபோதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தேன். கிழக்கில் இரண்டு ஒன்பது, மேற்கில் பதினான்கு. எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் கிழக்கும் நாலு, மேற்கும் நாலு.

அட்டவணையில் மிகச் சிறியது, மிகப் பெரியது என்ற அந்த இரண்டு கட்டங்களையும் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பேராசிரியர் பாராட்டியாயிற்று. நிர்வாகக் குழு சராசரியைத் தாண்டி எதையும் படிக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆய்வேட்டில் தாராளமாக மறைக்கலாம், சோறு அவ்வளவு. ஆனால் கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக நான் ஒருநாளும் எழுதியதில்லை. அந்தப் புத்தி இங்கேயும் வந்து குறுக்கே நின்றது. எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஊழியர் அறையில் ஆர்லனிடம் சொன்னேன். ஓலே மேசைக்கடியில் யாரோ சிந்திய கேக்கை நக்கிக்கொண்டிருந்தது.

“அப்ப நாய் தோத்துருச்சா?” என்றார்.

“தோக்கல. ஜெயிச்சதுக்கு ஆதாரம் இல்ல.”

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“எனக்கு நிறைய. குழுவுக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த மேற்குப் பக்கம் பதினாலு பேர் வாயே தொறக்கலன்னு சொன்னியே. தொறப்பாங்களா? நாங்க கிழக்கால திரும்புறப்பல்லாம் அந்தப் பக்கத்துக் கதவு ஒண்ணொண்ணா சாத்தும். டம்மு டம்முன்னு. ஓலே ஒவ்வொரு தடவையும் நின்னு பாக்கும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலியே. நீ எங்கிட்ட கேள்வித்தாள் குடுத்தியா?”

பேராசிரியருக்குப் போன் செய்தேன். முதலில் என் தவறைச் சொன்னேன். மறுமுனையில் பெருமூச்சு. “நானும் பாத்திருக்கணும்” என்றார், நியாயமாக. பிறகு கதவுகளைப் பற்றிச் சொன்னேன்.

“அவங்க கோவத்துலதான் பேசலன்னு எழுதலாமா?”

“அது உங்க ஊகம், லவான். நீங்க அளந்தது தனிமைய, கோவத்த இல்ல. குறைபாடுகள் பகுதியில ஒரு வரி போடுங்க.”

போட்டேன். ‘ஒப்பீட்டுப் பிரிவில் பதிலளிக்க மறுத்தோர் அதிகம், காரணம் ஆராயப்படவில்லை.’ பட்டத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. பலன் காணாத ஆய்வும் ஆய்வுதான் என்று தேர்வுக் குழுவில் கைகுலுக்கினார்கள்.

நிர்வாகக் குழுவில் ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்தார்கள்: குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மேற்கில் பாதிப் பேர் பதிலே சொல்லாத கணக்கை வைத்து நாயை நிறுத்தாதீர்கள் என்று எழுந்து நின்று பேசினேன். “நீங்க எழுதினதுதானே லவான்?” என்றார் தலைவர், அன்பாகவே. நான் எழுதியதுதான். திட்டம் இல்லையென்றால் நாய்க்குக் காப்பீடு இல்லை, காப்பீடு இல்லையென்றால் ஆர்லன் தன் பாட்டுக்குக்கூட அழைத்து வர முடியாது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள், கூரை ஒழுகலுக்கு.

மேற்கில் சொல்ல வேண்டியவள் நான். வேறு யாரையும் அனுப்பவில்லை. சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். கடைசி அறை ஹில்மா ரூடுடையது. எண்பத்தெட்டு வயது, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். கட்டிலில் மடியின் மேல் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

“துண்டு எதுக்கு ஹில்மா?”

“நாய் முடி கொட்டும்ல. எட்டு வாரம் எப்பவோ ஆயிருச்சே, இன்னிக்காவது வரும்னு பாத்தேன்.”

வராது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், எதையும் மறைக்காமல். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் துண்டை நாலாக மடித்தார்.

“அந்தப் பொண்ணுங்க வந்து கேட்டப்ப நான் எதுவும் சொல்லல.”

“தெரியும்.”

“வீம்புக்குத்தான். எங்களுக்கு ஒண்ணும் குடுக்காம எங்ககிட்ட கேள்வி மட்டும் கேக்குறியேன்னு.” மடித்த துண்டை என் கையில் வைத்தார். “இப்ப கேளு. சொல்றேன்.”

“ஹில்மா, ஆய்வு முடிஞ்சுபோச்சு.”

“கேளுடி.”

கேட்டேன். எவ்வளவு தனிமையாக உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஏழுக்குள்.

“ஏழு” என்றார். “எழுதிக்கோ.”

“இனி எழுத இடமில்ல ஹில்மா. முடிஞ்சுபோச்சு.”

“உனக்கு முடிஞ்சுபோச்சு” என்றார்.