மாதம்மா கடை நம்பர்

முப்பத்தெட்டு வயதில் லிங்கப்பன் மறுபடியும் மாணவன் ஆனான். மைசூர் ஹெப்பாளில் ஒரு பம்ப் கம்பெனியில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். இதற்கு மேலே ஏற வேண்டுமானால் எம்.பி.ஏ. இருந்தால் நல்லது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலையில் இருப்பவர்களுக்காக சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற வகுப்பு ஒன்று மைசூரிலேயே தொடங்கியிருந்தது. சேர்ந்துவிட்டான். தொண்ணூற்று நான்காம் வருஷம் அது.

வகுப்பில் முப்பது பேர். பேங்க் ஆபீசர், பர்ச்சேஸ் ஆபீசர், லாரி கம்பெனி முதலாளி என்று எல்லோரும் விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர்கள். முதல் நாளே பேராசிரியை ஸ்ரீதேவி, "பாடத்தை மறந்தாலும் பரவாயில்லை, இந்த முப்பது பேரை மறந்துடாதீங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் பிற்பாடு ரொம்ப வேண்டியிருக்கும்" என்று சொல்லி, எல்லோருடைய பெயரும் போன் நம்பரும் அச்சடித்த சின்னப் புத்தகம் போடுவதாகச் சொன்னார்.

லிங்கப்பனுக்கு வீட்டில் போன் இல்லை. விண்ணப்பம் போட்டு மூன்று வருஷமாகக் காத்திருந்தான். மண்டி மொஹல்லாவில் அவன் குடியிருந்த மாடிக்குக் கீழே மாதம்மாவின் நூல் கடை. நூல், பட்டன், லைனிங் துணி விற்பாள், ஜாக்கெட்டும் தைப்பாள். அவள் கடையில் போன் உண்டு. அந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தான். பக்கத்தில் 'பி.பி.' என்று போட வேண்டும், அதாவது அக்கம்பக்கத்தார் போன், கூப்பிட்டுத் தருவார்கள் என்று. அதைப் போட மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை.

புத்தகம் வந்த வாரமே போன்களும் வர ஆரம்பித்தன. லிங்கப்பன் பாதி நேரம் ஷிப்டில் இருப்பான். யார் பேசினார்கள், என்ன விஷயம் என்று மாதம்மா ஜாக்கெட் துணிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதி வைப்பாள்.

"ஏந்தம்பி, ஒரு நாளைக்கு எட்டு போனு. ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தவிய போட்டா எங்கேஜ்டாமா. எல்லாரும் என்றகிட்ட சண்டைக்கு வர்றாங்க."

"இன்னும் கொஞ்ச நாள் அக்கா. போன் வந்துடும்."

"பரவால்ல உடுங்க. அந்த சுலோசனா புள்ள நல்லாப் பேசுது."

சுலோசனா அவன் வகுப்புக்காரி, ஒரு மெஷின் கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். அவள் எதற்கு மாதம்மாவோடு பேச வேண்டும் என்று லிங்கப்பன் அப்போது யோசிக்கவில்லை.

மறு வருஷம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக அவன் வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை.

சுலோசனா எழுந்து வந்தாள். "தேங்க்ஸ் சார். மேட்டூர்லேர்ந்து எங்க இரும்பு காஸ்டிங் லோடு வந்த லாரி நேத்து சாயங்காலம் எல்லையில பாலாறு செக்போஸ்ட் கிட்ட அச்சு ஒடிஞ்சு நின்னுடுச்சு. சரக்கு வரலேன்னா திங்கக்கிழமை எங்க மெஷின் எல்லாம் சும்மா நிக்கணும். அந்த வழியில ஹனூர்ல உங்களுக்கு மெக்கானிக் தெரியுமேன்னுதான் போன் பண்ணினேன். உங்க ஆபீஸ் மேடம் அரை மணி நேரத்துல எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க!"

"என் லாரி காலியா கொள்ளேகால்ல நிக்குதுன்னு முந்தாநாள் அவங்ககிட்டதான் சொல்லிவெச்சேன்" என்றான் ரவிக்குமார், அந்த லாரி கம்பெனிக்காரன். "ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டாங்க. ராத்திரியே சரக்கை மாத்தி ஏத்தியாச்சு. உங்க பி.ஏ. கில்லாடிப்பா!"

லிங்கப்பனுக்குக் காது சுட்டது. ஒன்றரை வருஷமாக அவனுக்கு ஆபீஸும் பி.ஏ.வும் இருப்பதாக முப்பது பேரும் நினைத்திருக்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடலாம். ஒரு நிமிஷம் மழுப்பத்தான் நினைத்தான். ஆனால் செய்தது மாதம்மா. கைதட்டு அவனுக்கா?

"எனக்கு ஆபீஸும் இல்லை, பி.ஏ.வும் இல்லை" என்றான். "அது எங்க வீட்டுக்குக் கீழே இருக்கிற நூல் கடை. பேசினது கடைக்காரம்மா, மாதம்மா. போன் அவங்களோடது."

ரவிக்குமார், "அய்யோ, அவங்களைப் போய் லெட்டர் டைப் பண்ணி வையுங்கன்னு ஒரு தடவை சொன்னேனே! 'மிஷினு இருக்குது, ஆனா துணிதான் தைக்கும்'னாங்க. ஜோக்குன்னு நினைச்சேன்" என்றான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. லிங்கப்பனும் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

அன்று மாலை ஸ்ரீதேவி உட்பட ஏழெட்டுப் பேர் அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டர்களை நிறுத்த இடமில்லாமல் நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார்கள். மாதம்மா பதறிப்போய் சோடா வாங்கிவரச் சொன்னாள். குரலை வைத்தே ஒவ்வொருவராக அடையாளம் கண்டுபிடித்தாள்.

"நீங்க பேங்குக்காரரு. வாடகைக்கு வீடு பாத்துட்டிருந்தீங்களே, கெடச்சுதுங்களா?"

"கிடைச்சுது, நீங்க சொன்ன வீடுதான்" என்றார் அவர்.

"எங்களுக்கு இவ்வளவு செய்யறீங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஸ்ரீதேவி கேட்டார்.

மாதம்மா யோசிக்கவே இல்லை. "நீங்கள்லாம் கொஞ்சம் கம்மியாப் பேசினாப் போதும் டீச்சர். என்ற கஸ்டமருக்கு லைன் கெடைக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்து லிங்கப்பனுக்குப் போன் இணைப்பு வந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. லைன்மேன் கம்பியோடு வந்து, "மேலேயா சார்?" என்று கேட்டார். லிங்கப்பன் தன் மனைவி மீனாவைப் பார்த்தான். போனுக்கு என்றே அவள் பூப்போட்ட உறை ஒன்று தைத்து வைத்திருந்தாள்.

"மேலே வெச்சா யாருக்கு என்ன வேணும்னு நமக்கு என்னங்க தெரியும்?" என்றாள் மீனா. "ஒவ்வொரு தடவையும் கீழே ஓடி அக்காகிட்டதான் கேக்கணும். கடையிலேயே வெச்சுடச் சொல்லுங்க. உறையை நான் கொண்டுவரேன்."

புது போன் மாதம்மாவின் மேஜையில் பழையதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்று வகுப்புக்கு, ஒன்று கடைக்கு என்று ஏற்பாடு. சனிக்கிழமை வகுப்பு முழுக்க நம்பரைக் குறித்துக்கொண்டது. லிங்கப்பன் இந்தத் தடவை பக்கத்தில் 'மாதம்மா கடை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை அவன் ஷிப்டுக்குக் கிளம்பி இறங்கி வந்தபோது இரண்டு போனும் சேர்ந்து அடித்தன. மாதம்மா புதியதை எடுத்துக் காதில் வைத்தபடியே பழையதை அவனிடம் நீட்டினாள்.

"இது பேங்குக்காரரு, நான் பாத்துக்கறேன். நீங்க அதைப் புடிங்க தம்பி. கை நீளம், கழுத்து எறக்கம் சொல்லுவாங்க, தப்பில்லாம எழுதிக்கோங்க."

லிங்கப்பன் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடினான்.